கறுத்ததெல்லாம் கிராஃபீன் இல்லீங்க

கிராஃபைட் ஆனோடு வெச்சு வேலை பாத்த பழைய ஆளுங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. அதைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. தேஞ்சுக்கிட்டே இருக்கும். தொட்டியில கறுப்பா கசடு இறங்கும். உப்புத் தண்ணியில இருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கிற ஆலைகள்ல பல பத்து வருஷம் இதே தலைவலிதான். ஆனோடு தேயத் தேய இடைவெளி கூடும், இடைவெளி கூடினா வோல்டேஜ் கூடும், கரண்ட் பில் எகிறும். 1960கள்ல டைட்டானியம் மேல ருத்தேனியம் ஆக்சைடு பூசின ஆனோடு வந்த பிறகுதான் அந்தத் தொழிலுக்கே மூச்சு வந்தது.

அந்தக் கறுப்புக் கசடைத்தான் இப்ப கிராம் கணக்குல விலை பேசி விக்கிறாங்கன்னு சொன்னா நம்புவீங்களா? பாதி உண்மை. அந்தப் பாதிக்கும் மீதிப் பாதிக்கும் நடுவுல என் மச்சினன் ரெண்டு லட்சம் ரூபாயோட நிக்கிறான். அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கெமிஸ்ட்ரின்னா அலர்ஜி உள்ளவங்க நடுவுல ரெண்டு பத்தி தாண்டிக்கலாம். காசு போடப் போறவங்க மட்டும் தாண்டாம படிங்க :-)

நான் அம்பத்தூர்ல ஒரு பிளேட்டிங் கம்பெனியில லேப் பாத்துக்கறவன். நிக்கல், குரோம், துத்தநாகம். ஆனோடு கரையும், கேத்தோடுல படியும், நடுவுல நாங்க திட்டு வாங்குவோம், அவ்ளோதான் வாழ்க்கை. மச்சினனுக்கு ஈரோடு. துணி வியாபாரம். போன பிப்ரவரியில ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன்.

"மாமா, கிராஃபீன் தெரியுங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன் மாப்ள. ஏன்?"

"ஒரு யூனிட் போடலாம்னு இருக்கோமுங்க. நானும் ஒரு பார்ட்னரும். மெஷின் அவங்களே தர்றாங்க, பன்னெண்டு லட்சம். கரண்டும் ஆசிட்டும் இருந்தாப் போதுமாம். நீங்கதான் கரண்டு தண்ணியிலயே இருக்கறவரு, ஒரு வீடியோ அனுப்பறன், பாத்துச் சொல்லுங்க."

அட்வான்ஸ் ரெண்டு லட்சம் ஏற்கனவே கைமாறிடுச்சுங்கறதை கடைசியிலதான் சொன்னான். அவங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்கன்னும் சேத்து. (சொல்லாம இருக்க முடியுமா? நானும் அந்த வீட்லதானே சாப்பிடணும்.)

வீடியோல ஒரு பிளாஸ்டிக் டப், ஆசிட், அதுக்குள்ள வரிசையா கறுப்புக் குச்சிகள், பக்கத்துல ரெக்டிஃபையர். சுவிட்ச் போட்டதும் நுரை பொங்குது, கொஞ்ச நேரத்துல தண்ணி மை மாதிரி கறுக்குது. அப்புறம் வடிகட்டி, காயவெச்சு, ஒரு டப்பால பவுடர். கடைசியா அந்தப் பவுடரைக் கரைச்சு பேப்பர்ல கோடு போட்டு, ரெண்டு பக்கமும் ஒயர் வெச்சு எல்.இ.டி எரிய வைக்கறாங்க. பின்னாடி சினிமா மியூசிக் வேற.

அந்த எல்.இ.டி. விஷயத்தை இங்கயே முடிச்சிடறேன். நல்ல 6பி பென்சில்ல பேப்பர்ல அழுத்தி நாலு இழுப்பு இழுத்து, ஒம்பது வோல்ட் பேட்டரி வெச்சாலும் எல்.இ.டி. எரியும். கிராஃபைட்டே கரண்ட் கடத்தும். அதை வெச்சு உள்ள இருக்கறது கிராஃபீனா இல்லையான்னு ஒண்ணும் தெரியாது.

சரி, கிராஃபீன்னா என்ன? கிராஃபைட்டை ஒரு அப்பளக்கட்டா நினைச்சுக்குங்க. ஒவ்வொரு அப்பளமும் ஒரே ஒரு அணு கனத்துல கார்பன் வலை. அந்த ஒத்தை அப்பளம்தான் கிராஃபீன். வலைக்குள்ள பிணைப்பு படு கெட்டி, ஆனா அப்பளத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவுல ஒட்டுறவு ரொம்பக் கம்மி. இடைவெளி 0.335 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனத்துல கிட்டத்தட்ட முப்பது லட்சம் அப்பளம். முழுசாப் பிரிச்சு விரிச்சா ஒரு கிராம் ஆறு கிரவுண்டு மனையை மூடும். நம்ம ஊர் ரியல் எஸ்டேட்காரங்க காதுல விழுந்துடப் போகுது.

மான்செஸ்டர்ல ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவொசெலோவும் 2004ல செலோ டேப் ஒட்டி ஒட்டி உரிச்சே இந்த ஒத்தை அடுக்கை எடுத்துக் காட்டினாங்க. 2010ல நோபல். அந்த டேப் கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா டேப்பால உரிச்சா கிடைக்கறது கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. லேப்ல ஆராய அது போதும், பெயின்ட்லயும் பேட்டரியிலயும் கலக்கக் கிலோ கணக்குல வேணும். அதனாலதான் கரண்ட் உள்ள வந்தது.

ஒட்டிக்கிட்ட அப்பளக்கட்டை விரலால இழுத்தா உடையும். நடுவுல எதையாச்சும் நுழைச்சுத்தான் பிரிக்கணும். இங்க நுழையறது அயனி. கிராஃபைட்டை ஆனோடா மாட்டி, சல்பேட் இருக்கற தண்ணியில விட்டு, பத்து வோல்ட் கொடுக்கறோம்னு வைங்க. முதல்ல தண்ணி உடைஞ்சு வர்ற ஆக்சிஜன் சமாச்சாரங்கள் கிராஃபைட்டோட ஓரங்களைக் கடிச்சுத் திறக்கும். திறந்த வாசல் வழியா சல்பேட் அயனி தண்ணியையும் இழுத்துக்கிட்டு உள்ள போகும். சல்பேட் 0.46 நானோமீட்டர், இடைவெளியை விடப் பெருசு. ஓரம் திறந்தாத்தான் அதுக்கு வழி. உள்ள போனதும் அங்கயே வாயு உண்டாகும். பொரி பொரியற மாதிரிதான்: உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி நெல்லை வெடிக்க வைக்குதில்ல, அதே மாதிரி இந்த வாயு அடுக்கைத் தள்ளித் தள்ளிப் பிரிச்சு விட்டுடும்.

இதை ரொம்ப ஒழுங்காப் பண்ணிக் காட்டினது ஜெர்மனியில மைன்ட்ஸ் ஊர்ல இருக்கற மாக்ஸ் பிளாங்க் பாலிமர் ஆராய்ச்சி நிறுவனம். 2014ல வந்த கட்டுரை. அதுல எனக்குப் பிடிச்சது, ஆசிட்டே இல்ல. அம்மோனியம் சல்பேட், அதாவது நம்ம வயல்ல போடற உரம், லிட்டருக்கு 13 கிராம் மாதிரி. பத்து வோல்ட். சில நிமிஷம். கிடைச்சதுல 85 சதவீதத்துக்கு மேல மூணு அடுக்கோ அதுக்குக் கம்மியோ. ஆசிட்ல பண்ணினா வேகமாப் பிரியும், ஆனா ஆக்சிஜன் நிறைய ஏறி வலை பொத்தலாகிடும். பொத்தல் விழுந்த வலைல கரண்ட் ஒழுங்கா ஓடாது. வேகமா, நல்லதா, ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும், இந்தத் தொழில்ல எல்லாத்தையும் போல.

எதிர்ப்பக்கமாவும் பண்ணலாம். கிராஃபைட்டைக் கேத்தோடா மாட்டி பாசிடிவ் அயனியை உள்ள விடலாம், அப்ப ஆக்சிஜன் தொல்லையே இல்ல. இதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு. லித்தியம் பேட்டரி வந்த புதுசுல கிராஃபைட்டை நெகடிவ் பக்கம் வைக்க முடியல. அப்பத்திய கரைப்பான் புரொப்பிலீன் கார்பனேட், லித்தியத்தோட சேந்து கிராஃபைட்டுக்குள்ள புகுந்து அடுக்கடுக்காக் கழட்டி விட்டுடும். 1991ல சோனி முதல் பேட்டரியை விக்கும்போது கிராஃபைட் இல்லாம வேற வகைக் கார்பன்தான் போட்டாங்க. பிறகு எத்திலீன் கார்பனேட் கலந்தாங்க, அது கிராஃபைட் மேல ஒரு பாதுகாப்புப் படலம் போட்டுக்குது, பிரச்னை தீந்தது. இருபது வருஷம் கழிச்சு, 2011ல, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல லோ கியான் பிங் குழு அதே புரொப்பிலீன் கார்பனேட்டை வேணும்னே எடுத்து, லித்தியம் உப்பு போட்டு, மைனஸ் 15 வோல்ட் கொடுத்து கிராஃபைட்டைக் கழட்டினாங்க. 70 சதவீதத்துக்கு மேல அஞ்சு அடுக்குக்குள்ள. பேட்டரிக்காரனோட எமன் இவங்களுக்கு மெஷினாயிடுச்சு.

கிராஃபைட் மட்டும் இல்ல, வொர்க்‌ஷாப்ல மாலி கிரீஸ் போடறீங்களே, அதுல இருக்கற மாலிப்டினம் டைசல்பைடும் அப்பளக்கட்டுதான். 1986லயே கனடாவுல லித்தியம் நுழைச்சு அதை ஒத்தை அடுக்காப் பிரிச்சிருக்காங்க, நோபல் டேப்புக்குப் பதினெட்டு வருஷம் முன்னாடி. ஆனா லித்தியம் உள்ள போறப்ப எலக்ட்ரானையும் ஏகத்துக்குத் திணிக்கும், அதுல அணு அடுக்கே புரண்டு, அரைக்கடத்தி உலோகம் மாதிரி ஆகிடும். டிரான்சிஸ்டர் பண்ணணும்னு பிரிச்சா, பிரிச்சதும் டிரான்சிஸ்டருக்கு ஆகாதுன்னு ஆயிடுது. 2018ல கலிஃபோர்னியாவுல, யு.சி.எல்.ஏ.ல, துவான் குழு லித்தியத்துக்குப் பதிலா நீள நீள வால் வெச்ச ஒரு பெரிய அம்மோனியம் அயனியை நுழைச்சாங்க. உருவம் பெருசு, அதனால உள்ள கொஞ்சம் பேர்தான் போக முடியும், எலக்ட்ரானும் கொஞ்சம்தான் ஏறும். அரைக்கடத்தி அரைக்கடத்தியாவே இருந்தது. விருந்தாளி பெரிய உடம்புக்காரரா இருந்தா வீட்டுக்குச் சேதாரம் குறையுது, வேடிக்கைதான்.

இப்ப நம்ம ஈரோடு வீடியோவுக்கு வருவோம்.

கைல செஞ்சு பாக்காம மச்சினன்கிட்ட பேசினா நிக்காதுன்னு தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை ஓனர்கிட்ட சொல்லிட்டு லேப்ல உக்காந்தேன். கேஸ்கெட் கடையில கிராஃபைட் ஷீட் கிடைக்கும், அதுல ஒரு பட்டை அஞ்சு கிராம். கேத்தோடுக்கு ஒரு எஸ்.எஸ். தகடு. எங்க ஹல் செல் ரெக்டிஃபையர் பத்து வோல்ட் வரை போகும். உரக்கடை அம்மோனியம் சல்பேட்ல மண்ணு இருக்கும்னு லேப் கிரேடு எடுத்துக்கிட்டேன். ஹைட்ரஜன் வரும், அதனால எக்ஸாஸ்ட் ஓடணும், பக்கத்துல நெருப்பு கூடாது. வீட்டு சமையலறையில முயற்சி பண்ற எண்ணம் இருந்தா இப்பவே விட்டுடுங்க.

சுவிட்ச் போட்ட உடனே ஒண்ணும் இல்ல, குமிழி மட்டும். ஒரு நிமிஷத்துல பட்டையோட ஓரம் நனைஞ்ச புஸ்தகம் மாதிரி உப்ப ஆரம்பிச்சது. அப்புறம் கறுப்புச் செதில் செதிலாக் கிளம்பி மேல போய்ச் சுத்துது, அழகா இருந்தது, அதைச் சொல்லியே ஆகணும். அஞ்சாவது நிமிஷம் தண்ணி கருங்கும்முன்னு ஆயிடுச்சு. ஏழாவது நிமிஷம் தண்ணி மட்டத்துல பட்டை இத்துப் போய் பொத்துன்னு முழுசா உள்ள விழுந்தது.

அந்த "பொத்து"தான் முக்கியம். கீழ விழுந்த துண்டுக்கு இனிமே கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லன்னா பிரியறதும் அதோட நின்னுச்சு. பெரிய துண்டு கண்ணுக்குத் தெரிஞ்சது, எடுத்தாச்சு. ஆனா கண்ணுக்குத் தெரியாத சின்னத் துண்டுகளும் இதே மாதிரி பாதியில கழண்டு விழும், நூறு அடுக்கு, ஆயிரம் அடுக்குன்னு. அதுவும் கறுப்புத்தான். நல்லதும் கெட்டதும் ஒரே நிறத்துல ஒரே தண்ணியில கலந்து நிக்கும்.

அதைப் பிரிக்கறதுதான் நிஜமான வேலை. வடிகட்டி, டி.எம். தண்ணியில திரும்பத் திரும்பக் கழுவி, பாதி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாதி தண்ணியில போட்டு, அல்ட்ராசோனிக் கிளீனர்ல அரை மணி வெச்சு, ரெண்டு நாள் அசைக்காம விட்டேன். கனமானதெல்லாம் அடியில உக்காந்துடுச்சு. மேல நின்ன சாம்பல் நிறத் தண்ணியை மட்டும் எடுத்துக் காயவெச்சா எவ்ளோ தெரியுமா? அஞ்சு கிராம்ல 0.3 கிராம்கூட முழுசா இல்ல. மைன்ட்ஸ் ஆளுங்க கணக்கு எங்க, அம்பத்தூர் கணக்கு எங்க! அவங்ககிட்ட சென்ட்ரிஃபியூஜும் பழகின கையும் இருக்கு. எனக்கு இது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

இந்த 0.3 கிராமையும் மச்சினன் கூரியர்ல அனுப்பின டப்பா பவுடரையும், ஒரு காலேஜ்ல வேலை பாக்கற நண்பர் மூலமா ராமன் ஸ்பெக்ட்ரம் எடுக்கக் கொடுத்தேன். நம்ம திருச்சிக்காரர் சர் சி.வி. ராமன் 1928ல கண்டுபிடிச்ச அதே சங்கதி. லேசரை மேல அடிச்சுத் திரும்பி வர்ற வெளிச்சத்துல எங்கெங்க மேடு இருக்குன்னு பாக்கறது. கார்பனுக்கு 1580 பக்கம் ஒரு மேடு, ஜின்னு பேரு, எப்பவும் இருக்கும். 1350 பக்கம் டி, வலையில பொத்தலும் ஓரமும் கூடக்கூட உசரும். 2700 பக்கம் 2டி, இதான் ஜாதகம். ஒத்தை அடுக்குன்னா ஊசி மாதிரி ஒரே மேடா, ஜியை விட ரெண்டு மடங்கு உசரமா நிக்கும். கிராஃபைட்னா குட்டையா, பக்கத்துல ஒரு தோள் வெச்சுக்கிட்டு நிக்கும். தோள் இருக்கா பாருங்க, அது போதும்.

டப்பா பவுடர்ல தோள் இருந்தது. பத்து இடத்துல பாத்தாங்க, பத்துலயும். டி மேடும் உசரமா இருந்தது. அதாவது பிரியாத கிராஃபைட், மேல ஆசிட்ல வெந்தது வேற. என்னோடதுல பாதி இடத்துல தோள் போய் சில அடுக்குன்னு சொல்ற மாதிரி வந்தது, மீதி கனமானதுதான். ஒத்தை அடுக்கு ஒண்ணுகூட மாட்டல.

வீடியோவைத் திரும்பப் பாத்தா காரணமும் புரிஞ்சது. அவங்க மாட்டினது பழைய எலக்ட்ரோடு ஸ்கிராப். கோக் பொடியைத் தார்ப் பிசின்ல பிணைச்சுச் சுட்டு எடுத்த குச்சி. அதுல நீளமான அப்பளக்கட்டே கிடையாது, குட்டிக் குட்டித் துகள்தான். கரண்ட் விட்டா பிசின் அரிச்சுத் துகள் உதிரும். அடுக்கு பிரிய முன்னாடி குச்சியே மாவாயிடும். குளோரின் ஆலைக்காரங்க அந்தக் காலத்துல பாத்துத் திட்டின அதே கசடு.

இதுல ஈரோடு வியாபாரியை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. 2018ல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆளுங்க உலகம் முழுக்க 60 கம்பெனிகளோட கிராஃபீனை வாங்கிச் சோதிச்சாங்க. பத்து அடுக்கு வரைக்கும் கிராஃபீன்னு தாராளமா ஒத்துக்கிட்டும், பெரும்பாலானதுல கிராஃபீன் பத்து சதவீதத்துக்கும் கம்மி. மீதி பொடி கிராஃபைட். அதைப் படிச்சப்ப எனக்கு வந்த கோபம் மச்சினன் மேல வந்த கோபத்தை விட ஜாஸ்தி. நல்லபடியா பண்ற ஒருத்தன் சரக்கும் இந்தக் கூட்டத்துல ஒரே டப்பாவுலதானே நிக்குது? ஒரு பெயின்ட் கம்பெனி இந்தப் பொடியை வாங்கிக் கலந்து பாத்துட்டு, கிராஃபீன் ஒண்ணும் பண்ணாதுப்பான்னு முடிவு பண்ணிட்டா, அடுத்தவன் உண்மையான சரக்கோட அந்த வாசப்படி ஏற முடியாது.

மச்சினனுக்கு ரெண்டு கிராஃபையும் அனுப்பி ஒரு மணி நேரம் பேசினேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, வாங்கறவன் யாருங்க போய் ராமன் எடுத்துப் பாக்கப் போறான்?"

"நீ துணி வாங்கறப்ப கவுன்ட் பாக்காமயா வாங்கற?"

அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப நீங்க பண்ணதயே பெருசாப் பண்ணலாமுங்களா?"ன்னான். 0.3 கிராம் கணக்கைச் சொன்னேன். கழுவ ஆன தண்ணி, ஆல்கஹால் விலை, ரெண்டு நாள் காத்திருப்பு, எல்லாம். பண்ண முடியாதுன்னு சொல்லல, பண்றவங்க இருக்காங்க. ஆனா பன்னெண்டு லட்சத்துல ஒரு டப்பும் ரெக்டிஃபையரும் வந்தா, பிரிக்கற மெஷின் எங்க, சோதிக்கற ஆள் எங்கன்னு கேளுன்னேன். ஆனோடு என்ன, அடியில உக்காந்ததை எடுத்துட்டு விக்கறாங்களா, எத்தனை அடுக்குன்னு யார் பாத்து எழுதிக் கொடுத்தாங்க. இது மூணையும் வாட்ஸ்அப்ல கேட்டு அனுப்பினான். ரெண்டு நாள் புளூ டிக் மட்டும். மூணாவது நாள் ஒரு சர்டிஃபிகேட் வந்தது: கார்பன் 99 சதவீதம்னு. கிராஃபைட்டும் கார்பன்தானேய்யா!

மச்சினன் விலகிட்டான். பார்ட்னர் விலகல, ஆறு லட்சம் போட்டு யூனிட் ஓட்டிக்கிட்டு இருக்கார், ரெண்டு பேருக்கும் இப்ப பேச்சு வார்த்தை இல்ல. அட்வான்ஸுக்கு மட்டும் நாலு மாசம் அலைஞ்சான். போன வாரம் போன் பண்ணினான். ஒன்றரை லட்சம் வந்துருச்சாம். மீதி அம்பதாயிரத்துக்குப் பதிலா ரெண்டு டப்பா பவுடர் அனுப்பி வெச்சிருக்காங்களாம்.

"என்னங்க மாமா பண்றது இத?"

நல்லாக் கழுவிக் காயவெச்சு குடோன் பூட்டுக்கெல்லாம் போடு மாப்ளன்னு சொல்லியிருக்கேன். கிராஃபைட் பவுடர் பூட்டுக்கு ரொம்ப நல்லது.